நழுவும் இழைகள்

விமான என்ஜினுக்குள் பீங்கான் வைக்கிறார்களாமே, உடையாதா என்று தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உடையும். ஆனால் ஒரே நொடியில் சிதறாது. அந்த வித்தியாசத்துக்காகத்தான் அரை நூற்றாண்டாகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

2016 முதல் பயணிகள் விமானங்களில் ஓடும் லீப் என்ஜினில், உயரழுத்த டர்பைனைச் சுற்றி வளையமாக அமையும் உறைத் துண்டுகள் சிலிக்கான் கார்பைடு என்ற பீங்கானால் ஆனவை. சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள். எடை நிக்கல் கலவையில் மூன்றில் ஒரு பங்கு. சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். குளிர்விக்கச் செலவாகும் காற்று மிச்சமாவதால் எரிபொருளும் மிச்சம்.

என்னை இன்றும் வியக்கவைப்பது அதன் உள்ளமைப்பு. தலைமுடியைவிட மெல்லிய இழைகளும் சிலிக்கான் கார்பைடு, அவற்றைச் சுற்றி நிரப்பியிருப்பதும் சிலிக்கான் கார்பைடு. இரண்டும் இறுகப் பிடித்துக்கொண்டால் விரிசல் இழையையும் அறுத்துக்கொண்டு நேரே போய்விடும். அதனால் ஒவ்வோர் இழைக்கும் ஒரு மைக்ரான்கூட இல்லாத போரான் நைட்ரைடு பூச்சு கொடுத்து, பிடிப்பை வேண்டுமென்றே தளர்த்துகிறார்கள். வருகிற விரிசல் பூச்சோடு திரும்பி ஓடுகிறது. இழை அறாமல் இரு கரையையும் பிடித்து நிற்கிறது. கடைசியில் அறுந்தாலும் வேறெங்கோ உள்ளே அறுந்து, உரசிக்கொண்டே வெளியே வர வேண்டும். நாற்று பறித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காய்ந்த நாற்றங்காலில் தண்டு அறுந்து கையோடு வந்துவிடும். தண்ணீர் கட்டியதில் வேரோடு வரும், ஆனால் இடுப்பு வலிக்க இழுக்க வேண்டும். விரிசலின் வேகமெல்லாம் அந்த இழுப்பிலேயே தீர்ந்துபோகிறது.

உடைந்த துண்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் முறிந்த முகமெங்கும் இழை நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். முகம் வழவழவென்று இருந்தால் பூச்சு கெட்டுவிட்டது என்று அர்த்தம். விரிசல் வழியே காற்று புகுந்தால் போரான் நைட்ரைடு கண்ணாடியாகி இழையை ஒட்டவைத்துவிடும்.

விலைதான் தொல்லை. 1975இல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யஜிமா, சிலிக்கான் கலந்த பாலிமரை நூலாக இழுத்து, சுட்டு, இந்த இழையைச் செய்துகாட்டினார். நல்ல ரகம் இன்றும் கிலோ ஆயிரக்கணக்கான டாலர். இழைகளுக்கு இடையே வாயுவைச் செலுத்திப் படியவைக்கும் முறையிலோ உலை வாரக்கணக்கில் எரிய வேண்டும்.

இதற்கு எளிய தம்பி ஒன்று உண்டு: அலுமினா (அலுமினிய ஆக்சைடு) இழை. பூச்சே வேண்டாம், சுற்றி நிரப்பும் பீங்கானை நுண்துளைகளோடு விட்டுவிட்டால் விரிசல் அதிலேயே உதிர்ந்து திசைமாறிவிடும். அலுமினாத் துணியைப் பீங்கான் குழம்பில் தோய்த்து, அடுக்கி, சாதாரண உலையில் சுட்டால் போதும். ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் காற்று அதை ஒன்றும் செய்யாது. வெப்பம் மட்டும் சற்றுக் குறைவாகத் தாங்கும், ஏறக்குறைய 1,200 டிகிரிக்குள். நம் ஊர் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் உலைக்குள் போகும் உலோகத் தட்டுகள் சூட்டில் கோணிக்கொண்டே இருக்கின்றன. அங்கே இது தாராளமாகப் போதும்.

ராக்கெட், ஏவுகணை என்றால் பணம் எளிதில் கிடைக்கிறது; பட்டறைத் தட்டுக்கு யாரும் ஆராய்ச்சி நிதி கேட்பதில்லை என்பது எனக்கு ஆதங்கம். அலுமினா இழையை மலிவாக நூற்பதற்கு வேதியியலும் நூற்பும் தெரிந்தவர்கள் சேர வேண்டும். இரண்டும் படித்தவர்கள் நம்மிடம் ஏராளம். அவர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்து, பத்து ஆண்டு பொறுத்திருக்க ஒரு நிறுவனமாவது முன்வர வேண்டும்.