கப்பலைக் காணோம்!

கடற்கொள்ளையர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது, குட்டீஸ்? ஒற்றைக் கண்ணை மறைத்த கறுப்புத் துணி, தோளில் ஒரு கிளி, மண்டை ஓடு போட்ட கொடி... இதெல்லாம் சினிமாவில்தான்! இந்தக் காலத்துக் கொள்ளையர்களிடம் கிளியும் கிடையாது, கொடியும் கிடையாது. வேகமான மோட்டார் படகு, ஏணி, கத்தி, துப்பாக்கி, இவைதான் இருக்கும். இருட்டில் சத்தமே இல்லாமல் கப்பலில் ஏறிவிடுவார்கள்.

'எங்கேயோ நடப்பது, நமக்கென்ன?' என்கிறீர்களா? ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடற்கரையில் நின்று பாருங்கள். துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை தூரத்தில் கப்பல்கள் காத்து நிற்கும். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று வடசென்னைக் கரையில் அடுத்தடுத்து மூன்று துறைமுகங்கள் இருக்கின்றனவே!

இங்கிருந்து சிங்கப்பூர், சீனா, ஜப்பான் போகும் கப்பல்களுக்குச் சுருக்கமான வழி மலாக்கா நீரிணை. மலேசியாவுக்கும் சுமத்ரா தீவுக்கும் நடுவே, கடலில் ஒரு சந்து மாதிரி இருக்கும். கொள்ளையர்களுக்கு வசதியான இடம். ஒரு முழுக் கப்பலே அங்கே காணாமல் போனது தெரியுமா?

பெயர் மாறிய கப்பல்

1999 அக்டோபர் 22. 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற சரக்குக் கப்பல் இந்தோனேசியாவிலிருந்து ஜப்பானுக்குப் புறப்பட்டது. உள்ளே 7,000 டன் அலுமினியக் கட்டிகள். ஜப்பானியர் 2 பேர், பிலிப்பைன்ஸ் நாட்டவர் 15 பேர், மொத்தம் 17 மாலுமிகள்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கொள்ளையர்கள் ஏறிவிட்டார்கள். மாலுமிகளை ஒரு வாரம் பிடித்து வைத்திருந்தார்கள். அப்புறம் ஒரு ரப்பர் மிதவையில் ஏற்றி நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுற்றிலும் தண்ணீர். ஆனால், அதில் ஒரு சொட்டுகூடக் குடிக்க முடியாது! பத்து நாள் இப்படியே மிதந்தார்கள். நவம்பர் 8 அன்று தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று அவர்களைக் கண்டு காப்பாற்றியது. 17 பேரும் பிழைத்தார்கள்.

சரி, கப்பல் எங்கே? கொள்ளையர்கள் அதற்கு வேறு வண்ணம் பூசி, 'மெகா ராமா' என்று புதுப் பெயர் எழுதி, பெலிஸ் நாட்டுக் கொடியை ஏற்றிவிட்டார்கள். அந்த நாட்டின் பதிவேட்டில் அப்படி ஒரு கப்பலே இல்லை!

கோலாலம்பூரில் உள்ள கடற்கொள்ளைத் தகவல் மையம், 'இப்படி ஒரு கப்பலைப் பார்த்தால் சொல்லுங்கள்' என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியது. இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்த வேறொரு கப்பலின் கேப்டன், 'நான் பார்த்தேன்' என்று சொன்னார். நம் கடலோரக் காவல் படை விமானம் தேடிக் கண்டுபிடித்தது. 'தாராபாய்' என்ற ரோந்துக் கப்பல் விரட்டியது. எச்சரித்தும் நிற்கவில்லை. கடைசியில் கடற்படையின் 'ஐ.என்.எஸ். பிரஹார்' வந்து சேர்ந்தது. நவம்பர் 16 அன்று, அரபிக்கடலில், 15 கொள்ளையர்களும் பிடிபட்டார்கள். கப்பலுக்குத் தீ வைத்து மூழ்கடிக்கவும் பார்த்தார்கள். நம் வீரர்கள் தீயை அணைத்து, கப்பலைக் காப்பாற்றி மும்பைக்கு இழுத்து வந்தார்கள்.

கவனித்தீர்களா? தாய்லாந்து மீனவர்கள், மலேசியாவில் ஒரு மையம், வழியில் போன ஒரு கேப்டன், இந்திய வீரர்கள்... யாராவது ஒருவர் சும்மா இருந்திருந்தால்கூட கப்பல் கிடைத்திருக்காது.

கோடு இல்லாத கடல்

கரையிலிருந்து 12 கடல் மைல்வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர்வரை, அந்தந்த நாட்டின் கடல். ஒரு நாட்டின் போலீஸ் படகு இன்னொரு நாட்டின் கடலுக்குள் இஷ்டம்போல் நுழைய முடியாது. கொள்ளையர்களுக்கு இது ரொம்ப வசதி! இங்கே கொள்ளையடித்துவிட்டு, கோட்டைத் தாண்டி அங்கே ஓடிவிடுவார்கள். கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் கைகோத்தால்தான் பிடிக்க முடியும்.

அதனால் 2004 ஜூலையில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து மலாக்காவில் ரோந்து தொடங்கின. 2006-ல் 'ரீகாப்' என்ற ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா, இலங்கை, ஜப்பான் உட்படப் பல நாடுகள் இதில் இருக்கின்றன. எங்கே கொள்ளை நடந்தாலும் சிங்கப்பூரில் உள்ள மையத்தின் வழியாகத் தகவல் மற்ற நாடுகளுக்குப் போய்விடும்.

நம்ம ஊர்க் கடலில் ஒத்திகை

அலோண்ட்ரா ரெயின்போவை மீட்ட பிறகு, ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து பயிற்சி செய்ய முடிவெடுத்தன. முதல் பயிற்சி எங்கே தெரியுமா? நம் சென்னைக் கடலில்! 2000-ம் ஆண்டு தொடங்கிய இதற்கு 'சஹ்யோக்-கைஜின்' என்று பெயர். 'சஹ்யோக்' என்றால் இந்தியில் ஒத்துழைப்பு. ஒரு கப்பல், கடத்தப்பட்டது போல நடிக்கும். இரண்டு நாட்டு வீரர்களும் சுற்றி வளைத்து அதை மீட்பார்கள். 2024 ஜனவரியில் ஜப்பானின் 'யாஷிமா' கப்பல் இதற்காகச் சென்னைக்கு வந்தது. 2018-ல் தென்கொரியக் கப்பலும் வந்து பயிற்சி செய்தது.

பிடித்தால் மட்டும் போதுமா?

பிடிபட்டவர்களுக்கு 2003-ல் மும்பை நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஆனால், 2005-ல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் அப்போது நம் நாட்டில் இல்லை. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது.

அதற்குச் சீக்கிரமே வேலையும் வந்தது. சோமாலியக் கொள்ளையர்கள் கடத்திய 'ரூயன்' என்ற கப்பலை 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா மடக்கியது. நம் கமாண்டோக்கள் விமானத்திலிருந்து பாராசூட்டில் கடலில் குதித்தார்கள். 17 மாலுமிகள் மீட்கப்பட்டார்கள். சரணடைந்த 35 கொள்ளையர்களும் இந்தப் புதிய சட்டத்தின்படி மும்பை போலீஸிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

காசிமேட்டுக் கண்கள்

ரேடார், விமானம் எல்லாம் இருந்தாலும், கடலில் தினமும் இருப்பவர்கள் மீனவர்கள்தான். எந்தப் படகு நம்ம ஊர்ப் படகு, எது புதுசு என்று காசிமேட்டு மீனவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். அதனால் அவர்களைக் 'கடலின் கண்ணும் காதும்' என்று கடலோரக் காவல் படையினர் சொல்வதுண்டு. உங்கள் அப்பாவோ மாமாவோ கடலுக்குப் போகிறவரா? அப்படியென்றால் இந்த இரண்டு எண்களை வீட்டில் எழுதி ஒட்டுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554. சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் கடலோரப் போலீஸுக்கு 1093.

மிதவையில் தவித்த அந்த 17 பேரை முதலில் பார்த்தது போர்க்கப்பல் இல்லை, ஒரு மீன்பிடிப் படகு. மறந்துவிடாதீர்கள், குட்டீஸ்!

தெரியுமா?

* பெரிய கப்பல் ஒவ்வொன்றுக்கும் 7 இலக்க எண் ஒன்று உண்டு. பெயர், கொடி, முதலாளி மாறினாலும் இந்த எண் மாறாது. 2004 முதல் இதைக் கப்பலின் உடம்பிலேயே அழியாதபடி பொறிக்க வேண்டும் என்பது விதி.

* ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர்.