சோதனை முடிந்த பிறகு டெய்லர் என்ன ஆவார்?

1999-ல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக் காலணிக் கடைகளுக்கு ஓர் இளைஞர் கேமராவோடு போனார். அலமாரியில் இருந்த ஜோடிகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினார். ஆர்டர் வந்தால் அதே கடைக்குத் திரும்பிப் போய், கடை விலையையே கொடுத்து வாங்கி, பெட்டி கட்டி அஞ்சலில் அனுப்பினார். கிடங்கு கிடையாது, சரக்கு கிடையாது, லாபமும் கிடையாது. அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றுதான்: காலில் போட்டுப் பார்க்காமல் செருப்புக்கு யாராவது பணம் கட்டுவார்களா? கட்டினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2009-ல், அந்தக் கம்பெனியை மாபெரும் இணைய அங்காடி ஒன்று விலைக்கு வாங்கியது.

அதே 1999-ல், அதே வட்டாரத்தில், வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து தரப் புறப்பட்ட இன்னொரு கம்பெனி, நகரம் நகரமாகத் தானியங்கிக் கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் அதை இழுத்து மூடினார்கள். சுமார் 2,000 பேருக்கு வேலை போனது.

எம்விபி (Minimum Viable Product, குறைந்த செலவில் செய்துபார்க்கும் முதல் வடிவம்) என்ற சொல்லுக்கு இந்த இரண்டு கதைகளுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2001-ல் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. 2011-ல் ஒரு புத்தகம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. இன்று நம் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் அது பழகிய சொல். ஆனால் பரவும்போது பொருள் சுருங்கிவிட்டது. எம்விபி என்றால் நான்கு திரைகளும் ஒரு லாகின் பட்டனும் கொண்ட சின்ன ஆப் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தச் செருப்பு இளைஞரிடம் இருந்ததோ ஒரு வலைப்பக்கமும் இரண்டு கால்களும்தான். பட்டனுக்குப் பின்னால் எந்திரம் செய்யவேண்டிய வேலையை அவரே ஓடி ஓடிச் செய்தார். அந்த ஓட்டம்தான் எம்விபி.

ஒருகாலத்தில் இப்படிக் கையால் செய்துபார்ப்பது கட்டாயமாக இருந்தது. ஆப் எழுத ஆளும் பணமும் இல்லாதவர்களுக்கு வேறு வழியில்லை. இப்போது ஏஐயிடம் விவரத்தைச் சொன்னால் வார இறுதிக்குள் ஒரு ஆப் கைக்கு வந்துவிடுகிறது. செய்வது மலிந்துவிட்டதால் செய்துபார்ப்பது குறைந்துவிட்டது. இது நல்லதில்லை.

பெங்களூருவின் பஸ் டிக்கெட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் அலைந்த ஒரு பொறியாளரும் நண்பர்களும் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதிகம் பேசப்படாத பகுதி வேறு. அவர்கள் முதலில் எழுதியது டிராவல்ஸ் முதலாளிகளுக்கான ஒரு மென்பொருள். அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நோட்டில் சீட் கட்டம் போட்டு, போனிலேயே ஏஜெண்டுகளோடு பேசி முடிக்கும் வியாபாரம் அந்த முதலாளிகளுக்குப் போதுமானதாக இருந்தது. பிறகுதான் நண்பர்கள் வழியை மாற்றி, ‘சில சீட்டுகளை மட்டும் கொடுங்கள், விற்றுத் தருகிறோம்’ என்று போய் நின்றார்கள். 2006-ல் வியாபாரம் தொடங்கியது. மென்பொருளை எழுதி முடித்தபோது தெரியாத விஷயம், நாலு சீட்டை விற்றுக் காட்டியபோது தெரிந்தது.

நம் ஊருக்கு வருவோம். கோவையில் படிப்பை முடித்த இருவர், ஜாக்கெட் தைக்க வீட்டுக்கே வந்து துணி வாங்கிப்போய், தைத்துக் கொண்டுவந்து தரும் தொழிலைத் தொடங்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேவை உண்மையானது. ‘வெள்ளிக்கிழமை தந்துடறேங்க’ என்று சொல்லி மூன்று வெள்ளிக்கிழமை கடத்தும் டெய்லரைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது.

இவர்களுக்கு ஆப் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு ஸ்கூட்டர், வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கும் மூன்று அக்காக்கள், ஒரு நோட்டு போதும். சாய்பாபா காலனியில் நாலு தெருவோடு நிறுத்திக்கொள்ளலாம். சோதிக்கவேண்டியது ‘வீட்டுக்கு வந்து வாங்கிப்போனால் பிடிக்குமா’ என்பதையல்ல. அது யாருக்கும் பிடிக்கும். ஒரு பெண் தன்னிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் அளவு ஜாக்கெட்டை முன்பின் தெரியாத ஆளிடம் கொடுத்தனுப்புவாரா, அதற்குத் தையல் கூலிக்கு மேல் 60 ரூபாய் தருவாரா, முதல் முறை கொடுத்தவர் இரண்டாம் முறையும் கொடுப்பாரா? இந்த மூன்றில் ஒன்று பொய்த்தாலும் தொழில் நிலைக்காது.

60 ரூபாயை முதல் நாளிலிருந்தே வாங்கவேண்டும். இலவசமாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை எதையும் சொல்லாது. சித்தியிடமும் அத்தையிடமும் கேட்டால் ‘ரொம்ப நல்ல ஐடியா கண்ணு’ என்பார்கள். பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சொல்லும் சொல் அது, அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. எதிர்பார்ப்பையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும்: பன்னிரண்டு வாரத்தில் முதல் 40 பேரில் 15 பேர் தள்ளுபடி இல்லாமல் மறுபடி ஆர்டர் கொடுத்தால் தொடர்வோம், இல்லாவிட்டால் நிறுத்துவோம். எழுதி வைக்காவிட்டால் எட்டுப் பேர் வந்தாலும் மனசு சமாதானம் சொல்லிவிடும். தொடங்கும் மாதமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்த டெய்லர் கடையிலும் கூட்டம் இருக்கும். ஆடியில் முகூர்த்தமே கிடையாது. பண்டிகைக் கூட்டத்தைத் தன் சேவைக்கு வந்த கூட்டமாக எண்ணிக்கொண்டால் தொழில் தை மாதம் தாண்டாது.

ஸ்கூட்டரில் தாங்களே போய்வந்தால், திட்டத்தில் எழுதாத விஷயங்கள் வரிசையாக வரும். துணி கொடுக்கும் வீடுகளில் பாதிப் பேர் லைனிங் துணி வாங்கியிருக்கமாட்டார்கள். மேட்சிங் சென்டருக்கு யார் போவது? அதே நிறத்தைத் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினால் ஒரு மணி நேரம் போய்விடும். பெண்கள் உண்மையில் காசு கொடுக்க விரும்புவது அந்த அலைச்சலுக்குத்தான் என்றுகூடத் தெரியவரலாம். பிறகு ஆல்டரேஷன். கழுத்து இறங்கிவிட்டது, கை பிடிக்கிறது, கொக்கி இடம் மாறிவிட்டது என்று ஒவ்வொரு ஜாக்கெட்டும் இன்னொரு முறை போய்வந்தால், 60 ரூபாய் பெட்ரோலுக்கே கட்டாது. ஆப்பில் இது ‘புகார் 1’ என்று ஓர் எண்ணாக நிற்கும். வாசலில் நிற்பவருக்குத்தான் அந்தப் பெண்ணின் குரலில் எரிச்சல் எவ்வளவு, அடுத்த முறை கொடுப்பாரா என்பது புரியும்.

இவ்வளவு ஓட்டம் வேண்டாம், ஒரு காணொளியே போதும் என்பவர்களும் உண்டு. 2008-ல் கோப்புகளைச் சேமிக்கும் ஒரு சேவை மூன்று நிமிடக் காணொளியை வெளியிட்டு, காத்திருப்போர் பட்டியலை ஒரே இரவில் 5,000-லிருந்து 75,000-க்கு உயர்த்தியது. ஆனால் காணொளி ஆர்வத்தைத்தான் காட்டும், அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புவார்களா என்பதைக் காட்டாது. மருந்து, மின்கருவி போன்றவற்றை அரைகுறையாக வெளியே விடவே கூடாது என்பதும் நியாயம்தான், ஜாக்கெட் அந்த வகையில்லை.

என் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எம்விபி பற்றிப் பேசுகிறவர்கள் சோதிக்கிறவரின் பக்கத்திலிருந்தே பேசுகிறார்கள். தோல்வி என்றால் அவருக்குச் சில மாத உழைப்பும் கொஞ்சம் பணமும் போகும். அதற்குப் பதிலாக அனுபவம் கிடைக்கும். அடுத்த மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கலாம். அந்த மூன்று அக்காக்களுக்கு என்ன கிடைக்கும்?

முதல் மாதம் வேலை குவிகிறது. ‘ஆர்டர் இன்னும் நெறைய வருங்க்கா’ என்கிறார்கள் இருவரும். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். அதை நம்பி ஓர் அக்கா, ஜூன் மாதம் தெருப் பிள்ளைகளுக்குத் தைத்துத் தரும் ஸ்கூல் யூனிஃபார்ம் வேலையை வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார். இன்னொருவர் மகளிர் குழுவில் கடன் வாங்கி ஓவர்லாக் மெஷின் வாங்குகிறார். பன்னிரண்டாம் வாரம் 15 பேர் தேறவில்லை. இருவரும் பேசி வேறு யோசனைக்கு மாறுகிறார்கள். எம்விபி இலக்கணப்படி அதுவே சரியான முடிவு. வாட்ஸ்அப் குரூப் அப்படியே அமைதியாகிறது. மெஷினுக்கான தவணை மட்டும் நிற்பதில்லை. யூனிஃபார்ம் கொடுத்த வீடுகள் அடுத்த தெரு டெய்லரிடம் பழகிவிட்டன.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் இதில் டெய்லருக்குப் பதில் ஆட்டோ ஓட்டுநரையோ, மாவு அரைத்துக் கொடுப்பவரையோ, காய்கறி விவசாயியையோ வைத்துப் பாருங்கள், கணக்கு மாறாது. கையால் செய்யும் சோதனையில் எந்திரத்தின் இடத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள். எந்திரத்தை அணைத்துவிட்டுப் போகலாம். 2001-ல் வேலை போன அந்த 2,000 பேருக்காவது அது ஒரு வேலை என்று பெயர் இருந்தது. சோதனைக்குத் தைத்துக் கொடுத்தவருக்கு அதுகூட இல்லை. தான் ஒரு சோதனையில் இருந்ததே அவருக்குத் தெரியாது.

வாடிக்கையாளர் பக்கமும் இப்படித்தான். நாற்பது பெண்களின் உடல் அளவு, வீட்டு முகவரி, வீட்டில் இருக்கும் நேரம் எல்லாம் இரண்டு இளைஞர்களின் போனில் கிடக்கும். தொழில் நின்ற பிறகு அதை யார் அழிப்பார்கள்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியது. ஒப்புதல் வாங்கவேண்டும், தேவை முடிந்ததும் தரவை அழிக்கவேண்டும் என்பது அதன் சாரம். வாட்ஸ்அப் எண்ணோடு தொடங்கும் இருவருக்கு அந்தச் சட்டம் நினைவில் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இதற்காகச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையால் செய்துபார்ப்பதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் முதல் நாள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லவேண்டிய வார்த்தைகள் சில உண்டு: ‘அக்கா, இது பன்னெண்டு வாரம் செஞ்சு பார்க்கறதுங்க. நிறுத்தற மாதிரி இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிடறோம், அந்த ரெண்டு வாரக் கூலியும் தந்துடறோம். உங்க பழைய கஸ்டமரை விட்டுடாதீங்க, எங்களை நம்பிக் கடன் வாங்காதீங்க.’ இதைச் சொன்னால் அக்கா வேலைக்கு ஒப்புக்கொள்ளமாட்டார் என்று பயந்தால், அவர் எதை நம்பி ஒப்புக்கொள்ளவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

இரண்டு வாரக் கூலி ஆளுக்கு 7,000 ரூபாய் என்று வைத்தால் மூவருக்கும் சேர்த்து 21,000. அதை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் எத்தனை வாரம் ஓடுமோ அத்தனை வாரம் ஓட்டலாம். பன்னிரண்டு வாரம் பத்தாகச் சுருங்கினாலும் சோதனை கெட்டுப்போகாது. கல்லூரிகளில் ஸ்டார்ட்அப் போட்டிக்கு நடுவராக உட்காருபவர்கள், ‘எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள்’ என்று கேட்பதற்கு முன், ‘இது நின்றுபோனால் யாருக்கு வேலை போகும், அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா’ என்று கேட்கவேண்டும். அதற்கும் மதிப்பெண் போடவேண்டும்.