வேலைக்கு வந்தவருக்குத் தோட்டத்தில் காயம்... பொறுப்பு யாருக்கு?

கீரமங்கலம், ஆலங்குடி பக்கம் போர்வெல் மோட்டார் நின்றுவிட்டால் மெக்கானிக் வர வேண்டும். தச்சங்குறிச்சி, விராலிமலை பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை தீவனம் எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவர் வர வேண்டும். சினை ஊசி போடுபவர், தேங்காய் வெட்டுபவர், வயரிங் பார்ப்பவர் என்று புதுக்கோட்டை மாவட்டத் தோட்டங்களுக்கு வெளியாட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்த இடத்தில் அவர்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

‘என் இடத்தில் நடந்ததால் எல்லாம் என் தலையில்தான்’ என்று பயப்பட வேண்டியதில்லை. ‘அவர் தொழில், அவர் பாடு’ என்று ஒதுங்கவும் முடியாது. உரிமையாளர் தரப்பில் கவனக்குறைவு இருந்ததா என்பதுதான் முக்கியக் கேள்வி.

தெரிந்தும் சொல்லாத ஆபத்து

இங்கிலாந்தில் புகைபோக்கி சுத்தம் செய்ய வந்த 2 பேர் நச்சு வாயுவால் இறந்த வழக்கில், 1963-ல் தீர்ப்பு வந்தது. வாயு ஆபத்து பற்றி அவர்களை முன்பே எச்சரித்திருந்ததால், கட்டட உரிமையாளர் பொறுப்பாளி அல்ல என்றது நீதிமன்றம். தொழிலோடு வரும் ஆபத்தைத் தொழில் தெரிந்தவர் கவனிக்க வேண்டும். மறைந்திருக்கும் ஆபத்தை உரிமையாளர் சொல்ல வேண்டும் என்பதே இதன் சாரம்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு மாதமாக ஷாக் அடிப்பது தெரிந்தும் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை என்றால், அது உரிமையாளரின் தவறு. சொன்ன பிறகும் அவர் மெயினை அணைக்காமல் கை வைத்தால், தவறில் அவருக்கும் பங்கு உண்டு. இழப்பீடு அதற்கேற்பக் குறையும்.

மாடும் நாயும்

ஊசி போடும்போது மாடு உதைப்பது மருத்துவர் அறிந்த ஆபத்து. ஆனால் முட்டும் காளை என்று தெரிந்தும் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க ஆள் நிறுத்தாவிட்டால் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும். கடிக்கும் நாயை அவிழ்த்துவிட்டாலும் அப்படித்தான். வளர்ப்பு விலங்கு விஷயத்தில் அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அலட்சியத்தால் உயிர் போனால் 106-வது பிரிவு பாயும்.

கூலிக்கு அமர்த்தியவர் என்றால்...

சொந்தக் கருவியோடு வந்து, வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்பவர் வேறு. உங்கள் சொல்படி கூலிக்கு வேலை செய்பவர் வேறு. கூலியாளுக்கு வேலையில் விபத்து நேர்ந்தால், முதலாளியின் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கும் வழி 1923-ம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது.

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்தில் மரணம் என்றால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். மருத்துவச் செலவு இதில் வராது.

ஆள் வருவதற்கு முன்...

* நாயைக் கட்டுங்கள்; முட்டும் மாட்டை மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.
* ஷாக், உளுத்த படி, மூடாத குழி எதுவானாலும் முதலிலேயே, சாட்சி வைத்துச் சொல்லுங்கள்.
* மெயினை அணைத்து, வேலை முடியும்வரை அங்கே ஒருவரை நிறுத்துங்கள்.
* ஆயில் இன்ஜின் ஓடிய கிணற்றுக்குள் உடனே யாரையும் இறக்காதீர்கள்.