விண்ணேறுபவர் ஒப்பமிடுகிறார், கரையில் இருப்பவர்?

கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்தைக் கடக்கும் இடத்தில் இருபுறமும் உப்பளங்கள் விரிகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரவில் ஏறும் ராக்கெட்டின் ஒளி, வானம் தெளிந்த நாள்களில் இந்தக் கரைக்கும் தெரிவதுண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்கு அது வெறும் வேடிக்கை அன்று. 2019 டிசம்பரில், இங்கிருந்து தெற்கே புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்களின் வலையில் சிக்கியது, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு உந்து மோட்டார் ஒன்றின் கூடு.

அது அரசின் ராக்கெட். அடுத்த முறை சிக்குவது தனியார் நிறுவனத்தின் பொருளாக இருந்தால்? சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, இதே சாலையோரத்துத் திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ எழுந்தது. இரண்டிலும் மனிதர்கள் இல்லை. மனிதரை ஏற்றிச் செல்லும் தனியார் கலங்கள் இன்று அமெரிக்காவில்தான் உள்ளன.

2001 ஏப்ரலில் டென்னிஸ் டிட்டோ தன் பணத்தில் விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது, கலம் ரஷ்ய அரசுடையது. பயணி மட்டுமே தனியார். 2021இல் கலமும் தனியாருடையதாயிற்று. விஜயவாடாவில் பிறந்த கோபி தோட்டகுரா 2024 மே மாதம் புளூ ஆரிஜின் கலத்தில் சென்றது, நூறு கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு, சுமார் பத்து நிமிடங்களில் தரையிறங்கும் பயணம். புவியைச் சுற்றி வருவதோ வேறு கதை. அதற்கு மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். திரும்பும்போது அவ்வளவு வேகத்தையும் வெப்பமாகக் கரைத்தாக வேண்டும்.

சுபான்ஷு சுக்லா சென்றது இந்த இரண்டாம் வகைப் பயணம். 1984இல் ராகேஷ் சர்மா சோவியத் நாட்டின் விருந்தினராகச் சென்றார். 2025 ஜூன் 25 அன்று சுக்லா புறப்பட்ட ஆக்ஸியம்-4, இந்தியா ஏறத்தாழ 550 கோடி ரூபாய் செலவிட்ட பயணம். நாசாவின் கணக்கில் அது ‘தனியார் விண்வெளி வீரர்’ பயணம். சென்றவரோ நம் விமானப்படையின் குரூப் கேப்டன்! அரசு எது, தனியார் எது என்ற எல்லைக்கோடு இவ்வளவுக்கு மங்கிவிட்டது.

சட்டத்தில் அந்தக் கோடு மங்கினால் சிக்கல். அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயணி ஆபத்துகளை அறிந்து ஒப்பமிட்டால் போதும். பயணிகளின் பாதுகாப்புக்கு விரிவான விதிகள் வகுக்க ஒழுங்காற்று அமைப்புக்கு 2028 தொடக்கம் வரை தடை இருக்கிறது. ஆனால், கீழே இருக்கும் பொதுமக்கள் எதற்கும் ஒப்பமிடவில்லை என்பதை அந்நாடு மறக்கவில்லை. அவர்களுக்காக நிறுவனம் காப்பீடோ அதற்கு ஈடான நிதி உறுதியோ காட்டியே ஆக வேண்டும்.

நம் நிலை என்ன? தனியார் செயல்களுக்கும் அந்தந்த நாடே பொறுப்பு என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். தரையில் நேரும் சேதத்துக்கு, தவறு யாருடையது என்று பாராமல் ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டு உடன்படிக்கை. ஆனால், ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அது பொருந்தாது. வேற்று நாட்டு ராக்கெட்டின் துண்டு மரக்காணத்தில் விழுந்தால் இந்தியா அந்த நாட்டிடம் கேட்கலாம். இந்திய நிறுவனத்தின் துண்டு விழுந்தால், உப்பளத் தொழிலாளிக்கு உடன்படிக்கையில் இடமில்லை. உள்நாட்டுச் சட்டமே கதி. விண்வெளிச் செயல்பாடுகளுக்கான வரைவு மசோதா 2017இல் வெளியானது, இன்னும் சட்டமாகவில்லை. 2023இன் விண்வெளிக் கொள்கையும், தனியாருக்கு அனுமதி வழங்கும் இன்-ஸ்பேஸின் நெறிமுறைகளும் உள்ளன. நெறிமுறை ஒருபோதும் சட்டமாகாது. பாதிக்கப்பட்டவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுவது எளிதன்று.

தனியார் சிறு ராக்கெட்டுகளுக்கும் இடமளிக்கவிருக்கும் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அது தூத்துக்குடி மாவட்டம். தமிழகத்தின் பெரிய உப்பு விளையும் மாவட்டமும் அதுவே. அங்கிருந்து முதல் தனியார் ராக்கெட் எழுமுன் நாடாளுமன்றம் மூன்றை முடிவுசெய்தாக வேண்டும்: தவற்றை நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீடு, கட்டாயக் காப்பீடு, ஏவுதலுக்காகக் கடல் மூடப்படும் நாள்களுக்கு மீனவருக்கான ஈட்டுத்தொகை.