பொங்கலோடு முடிவதில்லை பறவை சீசன்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால் புதுச்சேரியில் குளிர் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் மாசி விடியலில் ஊசுடு ஏரிக்கரைக்கு வருகிறவர்கள் காதை மூடி மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆறு மணிக்கு ஏரி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர்மேல் பனிமூட்டம் படர்ந்திருக்கும். அதற்குள்ளிருந்து நாமக்கோழிகளின் கத்தலும் இறக்கை அடிக்கும் ஓசையும் மட்டும் கேட்கும். வெயில் ஏறி மூட்டம் விலகிய பிறகுதான் எதிரே இருப்பது என்ன பறவை, எத்தனை பறவை என்று புலப்படும்.

அந்த நேரத்தில் கரையில் ஆள் குறைவு. கார்த்திகையில் தொடங்கிப் பொங்கல் விடுமுறை வரை கேமராவும் பைனாகுலருமாக நின்ற கூட்டம் கலைந்திருக்கும். ‘சீசன் முடிஞ்சிடுச்சு’ என்பதே பொதுவான எண்ணம். கணக்கெடுப்புகளும் அதற்கு ஏற்றபடியே அமைந்துவிட்டன. 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு பண்டிகை நாட்களோடு முடிகிறது.

வலசைப் பறவைக்கோ, அதற்குப் பிறகு வரும் எட்டு, பத்து வாரங்கள்தான் ஆண்டிலேயே நெருக்கடியானவை. இறகு மாற வேண்டும், உடம்பில் கொழுப்பு ஏற வேண்டும், காற்று திரும்பும் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். இத்தனையும் மாசி, பங்குனி மாதங்களில் நம் கண்ணெதிரே நடக்கின்றன. பறவைகள் வருவதை வேடிக்கை பார்க்கிற நாம், அவை போவதைப் பார்ப்பதே இல்லை.

பழுப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு

நவம்பரில் ஊசுடு ஏரியில் நீலச்சிறகி வாத்துக் கூட்டத்தைப் பார்த்தால் ஆண், பெண் பிரித்துச் சொல்வது கடினம். எல்லாம் ஒரே பழுப்பு. மற்ற பல வாத்து இனங்களில் ஆண்கள் சீக்கிரமே பளிச்சென்று ஆகிவிட, நீலச்சிறகியின் ஆணோ குளிர்காலம் பாதி கழியும் வரை மங்கலாகவே இருக்கும். பிப்ரவரி வாக்கில் அதன் கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு எழும்பும். புருவத்தில் தொடங்கிப் பிடரி வரை வளைந்து இறங்கும் அந்தக் கோட்டைக் கரையில் நின்றே, வெறுங்கண்ணால்கூடப் பார்க்கலாம். தலை செம்பழுப்பாகும், விலாப்பகுதியில் சாம்பல் நிறம் தெளியும். துணையைக் கவர்ந்து, சோடி சேர்ந்து, ரஷ்யா, மத்திய ஆசியப் பகுதிகளின் சதுப்புகளில் கூடு கட்டப் போகிற பறவையின் கோலம் அது.

கருவால் மூக்கனிடம் மாற்றம் இன்னும் வெளிப்படை. ஜனவரியில் சேற்றில் நீண்ட அலகை விட்டுத் துழாவும் அந்தப் பறவை சேற்றின் நிறத்திலேயே இருக்கும். பங்குனியில் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாறும். கூட்டத்தில் சில முழுச் சிவப்பாகவும், சில திட்டுத்திட்டாகவும், சில பழைய சாம்பலிலேயும் நிற்கும். திட்டுத்திட்டாக நிற்பது இறகு மாற்றம் பாதியில் இருக்கும் பறவை. முழுதாகச் சிவந்தது பயணத்துக்குக் கிட்டத்தட்டத் தயார். பசிபிக் பொன் உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு இறங்கும். மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி முளைக்கும். ஆங்கிலேயர் காலத்துப் பறவை நூல்களின் வண்ணப் படங்களில் மட்டுமே பார்த்த கோலங்களை இங்கேயே பார்ப்பதற்கு இந்த இரண்டு மாதங்களே வாய்ப்பு.

நாள் நீள்வதை அறியும் உடம்பு

புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு 12 டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே டிசம்பரின் மிகக் குறுகிய பகலுக்கும் ஜூனின் மிக நீண்ட பகலுக்கும் இடையே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். மாசியில் பகல் ஒரு நாளைக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே நீள்வதை நாம் உணர்வதே இல்லை. பறவையின் உடம்பு அதை உணர்கிறது. அதன் உள்ளே ஓடும் ஆண்டுக் கடிகாரமும் வெளியே நீளும் பகலும் சேர்ந்து சுரப்பிகளைத் தூண்ட, பசி கூடுகிறது. தின்றதெல்லாம் தோலுக்கு அடியில் கொழுப்பாகச் சேர்கிறது. நீண்ட பயணத்துக்கு அந்தக் கொழுப்புதான் எரிபொருள். சிறு குருவி இனங்களில் எடை பாதியளவு கூடுவதும் உண்டு.

அடுத்தது காற்று. மார்கழி, தையில் சோழமண்டலக் கரையில் வடக்கிலிருந்து வீசும் வாடை மாசிக்கு மேல் ஓயத் தொடங்கும். பங்குனியில் தெற்கிலிருந்து காற்று எழும். கடலோடிகளுக்கு அந்தக் காற்று மாறினால் மீன்பாடு மாறும், படகு செலுத்தும் முறை மாறும். வடக்கே போக வேண்டிய பறவைக்கு அது முதுகைத் தள்ளிவிடும் காற்று. கிளம்புவது பெரும்பாலும் இருட்டிய பிறகு. இரவில் காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், பருந்துத் தொல்லை இருக்காது, நட்சத்திரங்கள் திசை காட்டும். முந்தின நாள் மாலை வரை ஏரியில் இருந்த கூட்டம் மறுநாள் காலையில் காணாமல்போவதற்குக் காரணம் இதுதான்.

வற்றும் ஏரியில் கூடும் பறவை

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகள் புதுச்சேரியுடையவை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படி நிரம்பி வழியும் ஆண்டில், நிறைய தண்ணீர் இருந்தால் நிறைய பறவை வரும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கும். நின்று மேய்கிற உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி இனங்களுக்குக் கால் மூழ்காத ஆழமும் ஈரச் சேறும் வேண்டும். ஏரி தளும்பி நிற்கும்போது அவை அக்கம்பக்கத்து வயல்களுக்கும் குட்டைகளுக்கும் சிதறிவிடும். மாசிக்கு மேல் தண்ணீர் உள்வாங்க, ஓரத்துச் சேறு வெளியே வர, புழுவும் நத்தையும் அகப்படும் இடங்களில் கூட்டம் சேரும். நமக்கும் வசதி; பறவை கிட்டத்தில் நிற்கும்.

நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் ஊசுடு, புதுச்சேரியின் மிகப்பெரிய ஏரி. பாதி புதுச்சேரிக்கும் பாதி தமிழ்நாட்டுக்கும் சொந்தம். சுமார் 390 ஹெக்டேர் கொண்ட தன் பகுதியைப் புதுச்சேரி அரசு 2008-இல் சரணாலயமாக அறிவித்தது. விழுப்புரம் மாவட்டத்தில் சேரும் மறுபகுதியைத் தமிழ்நாடு 2015-இல் அறிவித்தது. எல்லைக் கல்லைப் பறவை பார்ப்பதில்லை. ஆனால் காவலும் மீன்பிடியும் தண்ணீர்ப் பங்கீடும் இரண்டு அரசுகளின் கையில் இருப்பதால், கரையின் எந்தப் பக்கத்தில் வலை விரிகிறது என்பதைப் பொறுத்துப் பறவையின் நிம்மதி மாறுகிறது.

தெற்கே பாகூர் ஏரி, இரண்டாவது பெரியது. அங்கே ஏரியைவிட அதன் பாசன வயல்களைப் பார்ப்பது நல்லது. சம்பா அறுத்து, நவரைக்கு உழுகிற வயலில் டிராக்டருக்குப் பின்னாலேயே மஞ்சள் வாலாட்டிகள் ஓடும். உழுத மண்ணில் புரண்டு வரும் பூச்சிதான் குறி. அவற்றின் தொண்டையில் மஞ்சள் ஏறுவதும் இந்த வாரங்களில்தான்.

வடக்கே மரக்காணம் பக்கம் கழுவெளி. எடையன்திட்டு முகத்துவாரம் வழியே கடலோடு தொட்டுக்கொண்டிருக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல். 2021-இல் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மழைநீர் வடிந்து உப்பு ஏறுகிற பருவத்தில் பூநாரைகள் அங்கே திரளும். ஊசுடு காய்ந்தால் கழுவெளி, அதுவும் காய்ந்தால் வடக்கே பழவேற்காடு என்று கரையோரமாகத் தாவிச் செல்லும் பறவைகளுக்கு இவை எல்லாம் சேர்ந்துதான் ஒரே வழி. இதில் ஒன்று கெட்டாலும் அடுத்த கட்டத்துக்கான கொழுப்பு குறையும்.

இந்தக் கணக்கு நம் ஆட்களுக்குப் புதிதில்லை. மதுரையில் வாடைக் குளிரில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், செங்கால் நாரையைத் தூது அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அவர் கூப்பிட்டது குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரைச் சோடியை. வழியில் தன் ஊர்க் குளத்தில் தங்கிப் போகும்படி கேட்கிறார். திரும்பிப் போகிற பறவைக்கும் நடுவழியில் ஒரு குளம் வேண்டும் என்பது, பசியிலும் குளிரிலும் இருந்த அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

ஊருக்குள்ளேயே ஒரு காடு

ஏரிக்குப் போக வண்டி இல்லையே என்பவர்கள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தோட்டம் அது. கொடிக்கால் வாலாட்டி போன்ற பறவைகளுக்கு இப்படிப்பட்ட அடர்ந்த மர நிழல்தான் பிடிக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பின்னுடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் அசைக்கும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். சருகுக்கு நடுவே நின்றால் கண்ணில் படாது, அசைந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சீனா, கொரியா பக்கங்களில் கூடு கட்டும் பறவை, நம் ஊரில் வாக்கிங் போகிறவர்களின் காலடியில் பூச்சி பொறுக்குகிறது. வேலிப் புதரிலிருந்து நாக்கைத் தட்டுவது போல் ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். ரஷ்யாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருகிற குருவி அது. கிளம்பும் காலம் நெருங்கும்போது, அதுவரை ஒற்றைச் சத்தத்தோடு நிறுத்திக்கொண்ட சில ஆண்கள் அரைகுறையாகப் பாடியும் பார்க்கும்.

   

பங்குனி கடைசியிலும் சித்திரையிலும் வீட்டுக்குள்ளேயே விருந்தாளி வரலாம். ஆறுமணிக்குருவி இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மத்திய, வட இந்தியக் காடுகளுக்குத் திரும்பும். இரவில் பறப்பதால் களைத்துப் போய் விடியலில் மொட்டை மாடியிலோ குளியலறையிலோ இறங்கிவிடும். கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவதும் உண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு பார்த்துக் கூண்டுக்கிளி தப்பி வந்துவிட்டதென்று நினைத்துத் தானியம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புழு, பூச்சி தின்னும் பறவை. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் விட்டாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு மரங்கள் உள்ள இடத்தில், பூனை இல்லாத நேரத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறையைக் கூப்பிட வேண்டும்.

கடைசித் தேதி

பறவைகளுக்கு ஆபத்து கூடுவதும் இதே வாரங்களில். ஏரி சுருங்க, வலை போடுவது எளிதாகிறது. கோடை வருவதற்குள் மீனை வாரிவிட வேண்டும் என்ற அவசரத்தில் எஞ்சிய தண்ணீரும் கலக்கப்படுகிறது. கோடை விடுமுறைக் கூட்டத்துக்குப் படகுகள் தயாராகின்றன. கூட்டம் ஒருமுறை கலைந்து எழுந்தால் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. ஒரே நாளில் பத்து முறை எழுந்தால் பயணம் தள்ளிப்போகும். சரணாலயக் காவலுக்கும் படகு விதிகளுக்கும் ஏப்ரல் இறுதி வரை கண்டிப்பு வேண்டும். ஜனவரிக் கணக்கெடுப்போடு பங்குனியில் இன்னொரு கணக்கெடுப்பும் நடந்தால், எத்தனை பறவைகள் கடைசி வரை இங்கே உணவு தேடுகின்றன என்று அதிகாரிகளிடம் காட்ட எண்ணிக்கை இருக்கும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2007-இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் ‘இந்தியன் பேர்ட்ஸ்’ இதழும் சேர்ந்து தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம், வலசைப் பறவைகளின் வருகையையும் புறப்பாட்டையும் பொதுமக்களிடமிருந்தே திரட்டியது. இப்போது அந்த வேலை பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் தொடர்கிறது. முதல் பறவை வந்த நாளை எல்லோரும் உற்சாகமாகப் பதிவு செய்கிறோம். கடைசிப் பறவையின் தேதி அன்றைக்குத் தெரியாது. அது போனபிறகுதான் தெரியும். அதனால் மாசி பிறந்ததும் வீட்டுக் காலண்டரில், வேலியில் கத்தும் கதிர்க்குருவியையோ மின்கம்பியில் உட்காரும் தகைவிலானையோ பார்த்த ஒவ்வொரு நாளிலும் ஒரு டிக் போடுங்கள். டிக் நின்றுபோன இடத்துக்கு முந்தைய நாள்தான் நீங்கள் தேடிய தேதி. வெயில் வருஷத்துக்கு வருஷம் முன்கூட்டியே ஏறுகிறதா, பறவைகள் அதற்கேற்பச் சீக்கிரம் கிளம்புகின்றனவா என்ற கேள்விக்குப் பத்து வருஷக் காலண்டர்கள் பதில் சொல்லும்.