உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் மேடான். பள்ளி விடுமுறை நெருங்கும்போது இங்குள்ள தொழிற்பேட்டை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தோபா ஏரிப் பயண விளம்பரங்கள் சுற்றத் தொடங்கிவிடும். விமான டிக்கெட், வேன், ஃபெர்ரி, தங்கும் விடுதி, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு வெள்ளி, பிள்ளைகளுக்குப் பாதி. மலைக் குளிர், ஏரியில் ஜெட் ஸ்கி, வாழைப்பழப் படகு, ஏரி நடுவே உள்ள சாமோசிர் தீவில் வாடகை மோட்டார் சைக்கிள் என்று பிள்ளைகள் கேட்பதெல்லாம் அதில் இருக்கும். பெரியவர்களுக்கு மேடானில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அன்னை வேளாங்கண்ணி ஆலயமும் இருக்கின்றன. வட சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ் அருகே, ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நம் ஆட்களுக்கு அந்த மண் பழக்கப்பட்டு ஆயிரம் ஆண்டு ஆகப்போகிறது. போய் வாருங்கள். போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

தோபா சாதாரண ஏரி இல்லை. ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த பெரும் எரிமலையின் வாய் அது. அன்று பறந்த சாம்பலைப் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் காணலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் கிடக்கும் அந்த ஏரியின் நீளம் 100 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 500 மீட்டரைத் தொடுகிறது. மலைகளுக்கு நடுவே இருப்பதால் மதியத்துக்கு மேல் திடீரென்று காற்று எழும். அலை கடலலை போல வரும். கரையில் நின்று பார்க்கிறவருக்கு ஏரி என்ற சொல்லே ஒரு பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது.

2018 ஜூன் 18. நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். சாமோசிர் தீவின் சிமானிண்டோ துறையிலிருந்து எதிர்க்கரையான திகாராஸுக்குப் புறப்பட்ட சினார் பாங்குன் என்ற மரப்படகு நடு ஏரியில் கவிழ்ந்தது. சுமார் 45 பேருக்கு அளவான படகு அது. மக்களோடு ஏராளமான மோட்டார் சைக்கிள்களும் ஏற்றப்பட்டிருந்தன. உயிர் பிழைத்தவர்கள் 21 பேர். கிடைத்த உடல்கள் 3. 160க்கும் மேற்பட்டோர் இன்றுவரை ஏரிக்குள்தான் இருக்கிறார்கள். படகு சுமார் 450 மீட்டர் ஆழத்தில் இருப்பதைக் கருவி மூலம் கண்டார்கள்; மேலே கொண்டுவர முடியவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் தேடுதல் நிறுத்தப்பட்டது.

இந்த விபத்தில் என்னை மிகவும் உலுக்குவது எண்ணிக்கை பற்றிய குழப்பம். படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது. நூற்றுக்கும் குறைவு என்றார்கள். பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராகத் துறைமுகத்துக்கு வந்து பெயர் சொல்லச் சொல்ல எண்ணிக்கை ஏறியது. சில நாள்களில் இருநூறை நெருங்கியது. காரணம், பயணிகள் பெயர்ப் பட்டியல் என்ற ஒன்றே அந்தப் படகுக்கு இல்லை. இறந்தவர்கள் யார் என்று சொல்லும் பொறுப்பு, அழுதுகொண்டிருந்த குடும்பங்களின் தலையில் விழுந்தது. படகின் தலைவர் மீதும் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் சிலர் மீதும் பிறகு காவல்துறை நடவடிக்கை எடுத்தது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவருக்காக இழப்பீடு கேட்கப் போகும் மனைவியோ மகனோ, முதலில் அவர் அந்தப் படகில் ஏறினார் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பயணத்தில் நமக்குள்ள உரிமைகளில் பெரும்பாலானவை இப்படித்தான், ஏதோ ஒரு தாளில் நம் பெயர் இருப்பதைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. முகவரின் பதிவேடு, பணம் கட்டிய ரசீது, விமான நிறுவனத்தின் கணக்கு, காப்புறுதிப் பத்திரம், படகுக்காரரின் பட்டியல். எதிலாவது ஒன்றில் பெயர் விடுபட்டால், அந்த இடத்தில் நமக்கு ஏதாவது நேர்ந்தால், சட்டத்தின் கண்ணில் நாம் அங்கே இல்லை.

முதல் தாள் முகவரிடம் தொடங்குகிறது. மலேசியாவில் 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, சுற்றுப்பயணம் ஏற்பாடு செய்து விற்பவர் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆள் சேர்க்க அதற்குரிய உரிமம் தேவை. உள்நாட்டுக்கு மட்டும் உரிமம் பெற்றவர் தோபாவுக்கு ஆள் சேர்க்கக் கூடாது. உரிம எண்ணை அமைச்சின் இணையப் பக்கத்தில் நீங்களே சரிபார்க்கலாம். நம்மிடையே அதிகம் நடப்பது வேறு. கூட வேலை செய்யும் ஒரு தம்பியோ, கோயில் குழுவில் இருக்கும் ஓர் அக்காவோ, "நாற்பது பேர் சேர்ந்தால் மலிவு" என்று நல்லெண்ணத்தோடு பணம் வசூலிப்பார். உறவுக்காரரிடம் ரசீது கேட்பது நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை விடுங்கள். பணம் தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் போனால், ரத்தானபோது யாரிடமிருந்து வாங்குவது? அவரும் அதை வேறு யாரிடமோ கட்டிவிட்டு ஏமாந்து நிற்பவராக இருக்கலாம்.

நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் கட்டுங்கள். முடிந்தால் கடன் அட்டையில். சேவை கிடைக்காவிட்டால் வங்கி வழியே அந்தத் தொகையை மறுத்துக் கேட்க அது ஒரு வாய்ப்பு. கட்டுவதற்கு முன் காவல்துறையின் செமாக் மியூல் பக்கத்தில் கணக்கு எண்ணைப் போட்டு, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று பாருங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்த நிமிடமே 997 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறிவிடும் என்பதால் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் பயனில்லை. பிறகு காவல்நிலையப் புகார்.

விமானம் ரத்தாவது, தாமதமாவது பற்றிய விதிகள் ஓரளவு தெளிவானவை. மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016இல் வந்தது. 2024 செப்டம்பர் 2 முதல் இன்னும் வலுவானது. தாமதம் 2 மணி நேரத்தைத் தொட்டால் உணவு, தொலைபேசி, இணைய வசதி. 5 மணி நேரத்தைத் தொட்டால் பயணத்தையே கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் போக்குவரத்தும் அவர்கள் பொறுப்பு. பணம் 30 நாளுக்குள், நீங்கள் கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டும். பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளும்படி உங்களை வற்புறுத்த முடியாது. முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். பதில் வராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 2025 ஆகஸ்ட் 1 முதல் பயணிகள் புகார்களையும் அதுவே கவனிக்கிறது. பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுதிக் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அங்குள்ள முகப்பில் பதிவு செய்து தாள் வாங்குவது இன்னும் நல்லது.

காப்புறுதியில்தான் நம் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. முகவர் "காப்புறுதி உண்டு" என்பார். யாருடைய பெயரில், எவ்வளவு தொகைக்கு, எதையெல்லாம் விலக்கி? பத்திரத்தைக் கேட்டு வாங்கி, பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லாருடைய பெயரும், கடப்பிதழில் உள்ள அதே எழுத்துகளில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விலக்குப் பகுதியைப் படியுங்கள். ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோயால் வரும் செலவைப் பல பத்திரங்கள் ஏற்பதில்லை. ஜெட் ஸ்கியும் பாறையேற்றமும் கூடுதல் கட்டணமின்றிச் சேராமல் போகலாம். சாமோசிரில் எல்லாரும் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதை ஓட்டும் உரிமம் இல்லாமல், கார் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி விழுந்தால், காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். தலைக்கவசம் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

இதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அவசர மருத்துவ இடமாற்றம் என்ற பிரிவு. தீவிலிருந்து படகு, பிறகு மலைப்பாதை, பல மணி நேரம் கழித்துத்தான் மேடானின் பெரிய மருத்துவமனை. மேடான்வாசிகளே கடினமான சிகிச்சைக்கு நம் பினாங்குக்கு விமானம் ஏறி வருகிறார்கள். ஆகவே தலையில் அடிபட்ட ஒருவரை இங்கே கொண்டுவரும் செலவைப் பத்திரம் ஏற்குமா, எந்தத் தொகை வரை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணைக் கூட வருகிற எல்லாரும் வைத்திருக்கட்டும். பல நிறுவனங்கள் முன்கூட்டித் தெரிவிக்காத இடமாற்றத்துக்குப் பணம் தருவதில்லை. கோரிக்கையை நிறுவனம் மறுத்தால், அதன் இறுதிக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை அணுகலாம். பயனீட்டாளருக்கு அது இலவசம்.

இனிப் படகுத் துறை. வெளிநாட்டுக்காரர் நாம், அங்கே சட்டம் பேசப் போவதில்லை. ஆனால் ஏறுவதா வேண்டாமா என்பது நம் கையில் இருக்கிறது. சினார் பாங்குன் விபத்துக்குப் பிறகு இஹான் பாத்தாக் போன்ற பெரிய வாகனப் படகுகள் சேவைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் செல்வதாகப் பயணத்திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். மரப்படகுதான் என்றால் பெயர்ப் பட்டியல் எடுக்கிறார்களா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் நீங்களே குழுவினர் பெயரை எழுதி, படகின் பெயர் தெரியும்படி ஒரு படம் எடுத்து, வீட்டில் இருப்பவருக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். உயிர்காப்பு அங்கி பெஞ்சுக்கு அடியில் கட்டிக் கிடந்து பயனில்லை. உடலில் இருக்க வேண்டும். பெரியவர் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும்; பிள்ளைகளின் அளவு இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கூட்டம் அதிகமா, வானம் கறுக்கிறதா, அடுத்த படகுக்குக் காத்திருங்கள். வேன் ஓட்டுநர் அவசரப்படுத்துவார். குழுவில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

விளையாட்டு நடத்தும் இடங்களில் "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை" என்ற தாளில் கையெழுத்து கேட்பார்கள். உள்நாட்டில், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. அந்த உரிமையை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது. 2010இல் சேர்ந்த திருத்தம், கவனக்குறைவுக்கான பொறுப்பைக் காரணமின்றித் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகளைச் செல்லாதவை என்று அறிவிக்க நீதிமன்றத்துக்கு வழிவிடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வாயடைத்துப் போக வேண்டாம். எல்லை தாண்டிவிட்டால் அந்த நாட்டுச் சட்டம்தான். அங்கே நம் பலம் காப்புறுதியும், பயணத்தை விற்ற மலேசிய நிறுவனமும்.

அந்த நிறுவனம் சொன்ன விடுதியைத் தராமல், சொன்ன படகில் ஏற்றாமல் ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை; நீங்களே தமிழ் கலந்த மலாயில் பேசினாலும் கேட்பார்கள். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் போக வேண்டும். இணையத்திலும் பதியலாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத நிறுவனம் குற்றவாளியாகிறது. ஆனால் உடற்காயமும் உயிரிழப்பும் இந்த மன்றத்தின் வரம்பில் வராது. பலர் இதை அறியாமல் மாதங்களை வீணாக்குகிறார்கள். அவற்றுக்கு நீதிமன்றம்தான். உயிரிழப்பில் சார்ந்திருப்போர் தொடுக்கும் வழக்குக்கு 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் தரும் காலம் 3 ஆண்டு. துக்கம் தணிவதற்குள் முதல் ஆண்டு போய்விடும் என்பதால், சட்ட உதவித் துறையையோ ஒரு வழக்கறிஞரையோ விரைவில் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் தாத்தா, பாட்டி இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு இந்தோனேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழோடு வரும் நிரந்தரவாசிக்கு அது பொருந்தாது. அவருக்கு விசாவும், மலேசியா திரும்ப மறுநுழைவு அனுமதியும் வேண்டும். குடும்பம் உள்ளே போய்விட, அவர் மட்டும் முகப்பில் நிறுத்தப்படும் நிலை வரக் கூடாது. கடப்பிதழ் தொலைந்தாலும் விபத்து நேர்ந்தாலும் மேடானில் மலேசியத் துணைத் தூதரகம் உண்டு. அதன் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏதேனும் நடந்தால் அந்த இடத்திலேயே காவல்துறை அறிக்கை, மருத்துவமனைத் தாள், படகின் அல்லது வண்டியின் படம், பார்த்தவர்களின் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஊர் திரும்பியபின் இவற்றைப் பெறுவது மிகக் கடினம். கடிதம் எழுதவோ எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்கவோ ஆள் வேண்டுமென்றால், ஜார்ஜ்டவுன் மஸ்ஜிட் நெகிரி சாலையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அங்கே தமிழிலேயே பேசலாம். போகும்போது ரசீது, பயணத்திட்டம், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.