ஏழைப் பிள்ளைகளின் பணம், ஏழைப் பிள்ளைகளுக்கே

1965 ஏப்ரல் 11. டெக்சாஸில் தான் சிறுவயதில் படித்த பழைய பள்ளிக்கூடத்தின் அருகே, தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் அமரவைத்து, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கொட்டுல்லா ஊரில் ஏழை மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் ஜான்சன். அந்தச் சட்டத்தின் 'டைட்டில் ஒன்' பிரிவு, வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளுக்கு மத்திய அரசின் நிதியைக் கொண்டுசேர்த்தது.

ஆனால், பணம் போய்ச் சேர்ந்தால் போதுமா? 1969-இல் குடிமை உரிமைச் செயற்பாட்டாளர்களான ரூபி மார்ட்டினும் ஃபில்லிஸ் மெக்ளூரும் வெளியிட்ட அறிக்கை நாட்டையே உலுக்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கான தொகையைப் பல பள்ளி மாவட்டங்கள் பொதுச் செலவில் கரைத்திருந்தன. எவ்வளவு பெரிய அநியாயம்!

கட்டுப்பாடுகள் இறுகின. மாநிலமும் மாவட்டமும் ஏற்கெனவே தரவேண்டியதைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தை இந்த நிதியால் நிரப்பக் கூடாது. இது கூடுதல் உதவி மட்டுமே. இந்த நிதியில் சம்பளம் பெறுவோர் செய்த வேலைக்குப் பதிவு வேண்டும். அதேசமயம், வறிய மாணவர்கள் 40 சதவீதமாவது இருக்கும் பள்ளி, இந்த நிதியை முழுப் பள்ளிக்குமான திட்டத்துக்குப் பயன்படுத்தலாம்.

இந்தக் காகித வேலை அலுப்பூட்டுவதுதான். ஆனாலும், ஆண்டுக்குச் சுமார் 1,800 கோடி டாலர் புழங்கும் இடத்தில் கணக்குக் கேட்பதைத் தளர்த்தினால், முதலில் இழப்பது அந்தப் பிள்ளைகளே.